இடமறிந்து நடுதல்

காவிரிக் கரையிலுள்ள சிற்றூர்களில் பழைய வீடுகளின் கொல்லைப்புறம் ஒரு தனி உலகம். கிணறு, அதன் அருகே துவைக்கும் கல், கீற்றுத் தட்டியால் மறைத்த குளிக்குமிடம், அதனை அடுத்து வாழை மரங்கள் என யாவும் ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கும். குளித்த நீர் அங்கு வீணே தேங்கி நிற்பதில்லை. அது சிறு வாய்க்கால் வழியே ஓடி வாழையின் வேரை நனைக்கும். வாழையின் நிழலில், ஈரம் வற்றாத இடத்தில், சேம்பு தன் அகன்ற இலைகளை விரித்துத் தழைத்து நிற்கும். மனிதர் நீராடும் இடத்தை அடுத்தே செடியும் நீர் பருகி வளர்ந்தது.

இந்நாளில் நகரங்களில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவ்வீடுகளில் வாழ்வோர்க்குக் கொல்லையும் இல்லை. கால் பதிக்க மண்ணும் இல்லை. ஆயினும் பசுமையைக் கண்ட கண் அதனை எளிதில் மறப்பதில்லை. ஆதலின், சாளரத்தின் விளிம்பிலும், மாடிப்படியின் ஓரத்திலும், குளியலறையின் மாடத்திலும்கூடச் செடி வளர்க்க மக்கள் விழைகின்றனர். விழைவு நல்லதே. ஆனால், விழைவு ஒன்றே செடியை வாழ வைக்காது என்பதை ஒரு மூதாட்டியின் அனுபவம் நன்கு உணர்த்தும்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர் அம்மூதாட்டி. கணவர் மறைந்த பின்னர், மகனுடன் வாழச் சென்னைக்கு வந்தார். மகனுடைய வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. வீட்டின் முன்புறத்தில் ஒரு சிறு தாழ்வாரம் உண்டு. அதில் துணி துவைக்கும் இயந்திரமும் துணி உலர்த்தும் கொடிகளும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வீடு முழுவதும் சுற்றிப் பார்த்த மூதாட்டியின் கண்ணில் குளியலறையின் மாடம் பட்டது. அதற்கு மேலே மங்கல் கண்ணாடி பதித்த சிறு சாளரம் ஒன்று வடக்கு நோக்கி இருந்தது. "தண்ணீருக்குக் குறைவில்லாத இடம் இது, இங்கே செடி நன்றாகத் தழைக்கும்" என்று அவர் எண்ணினார். ஊரிலிருந்து கொண்டுவந்த துளசியையும், கடையில் வாங்கிய ரோஜாச் செடியையும் அம்மாடத்தில் வைத்தார்.

பத்து நாள் கழிந்தது. ரோஜாவின் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. துளசியோ வெளுத்து, மெலிந்து, சாளரத்தை நோக்கிக் கழுத்தை நீட்டியது. செடி வாடுகிறதே என்று மூதாட்டி மேலும் நீர் வார்த்தார். நீர் மிகுந்ததால் வேர் அழுகியது. ரோஜா மடிந்தது, துளசி குற்றுயிராக நின்றது. காய்ந்த குச்சியைப் பிடுங்கியெடுத்த மூதாட்டி, "வேரோடு பெயர்த்து வந்தது எதுவும் இந்த வீட்டில் பிழைக்காது போலும்" என்று மெல்லக் கூறினார்.

அச்சொல்லைக் கேட்டாள் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய பேத்தி. பாட்டி செடியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. மறுநாள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையிடம் சென்று நடந்ததைக் கூறினாள்.

"உன் பாட்டியின் செடிகள் முதலில் பசியால் வாடின. அப்பசியைத் தாகம் என்று கருதி நீரை மிகுதியாக வார்த்துவிட்டார்" என்றார் ஆசிரியை.

செடிக்கு உணவு ஏது என்பதை அவர் விளக்கினார். மண்ணிலிருந்து செடி நீரையும் உப்புச் சத்துகளையும் பெறுகிறது; காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பெறுகிறது. இவற்றைக் கொண்டு உணவு சமைக்கும் அடுப்பு, பச்சை இலை. அவ்வடுப்பின் நெருப்பு, ஒளி. ஒளியின் துணையின்றி இலை இத்தொழிலைச் செய்யாது என்பதை இங்கென்ஹவுசு என்னும் அறிஞர் 1779-ஆம் ஆண்டில் தம் சோதனைகளால் காட்டினார். ஒளி குறைந்தால் சமையல் குறையும். சமையல் குறைந்தால், தான் சேர்த்துவைத்த உணவை உண்டு செடி சில நாள் உயிர் தாங்கும், பின்னர் மடியும். வேருக்கும் மூச்சுவிடக் காற்று தேவை. மண்ணின் நுண்ணிய இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சடைத்து அழுகிவிடும்.

"குளியலறையில் பகலில் விளக்கு இல்லாமலேயே கண் தெரிகிறதே" என்று பேத்தி ஐயுற்றாள்.

"கண் சொல்வதை நம்பாதே" என்றார் ஆசிரியை. ஒளி குறையும்போது கண்மணி விரிந்து, பார்வையும் அக்குறைவுக்குத் தக்கவாறு பழகிவிடுகிறது. அதனால் மனிதருக்கு வெளிச்சத்தின் வேற்றுமை முழுதும் தோன்றுவதில்லை. ஒளியை அளக்கும் அலகு இலக்ஸ் எனப்படும். நண்பகல் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 இலக்ஸ் ஒளி உண்டு. சிறு சாளரமுடைய குளியலறையிலோ அது சில நூறு அலகே இருக்கும். மூலைகளில் அதனினும் குறையும். வெயிலில் வளரப் பிறந்த ரோஜாவை அங்கு வைப்பது, நாளும் ஒரு படிச் சோறு உண்பவனுக்கு ஒரு பருக்கை இடுவதைப் போன்றது.

ஒளியை அறிய ஓர் எளிய வழியையும் ஆசிரியை கற்பித்தார். நண்பகலில் செடி வைக்க எண்ணிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓர் அடி உயரத்தில் கையை நீட்டிப் பார்க்கவேண்டும். நிழல் விளிம்பு தெரியுமாறு கூர்மையாக விழுந்தால் ஒளி மிகுதி. கலங்கலாக இருந்தும் கையின் வடிவம் தெரிந்தால் ஒளி நடுத்தரம். நிழல் விழுவதே அரிதாயின் ஒளி குறைவு. பேத்தி அன்றே குளியலறையில் இதனைச் செய்து பார்த்தாள். சாளரத்தின் அடியில் கலங்கலான நிழல் விழுந்தது. கதவருகே நிழலே காணவில்லை.

எனின், இத்தகைய இடத்தில் வாழும் செடிகள் உலகில் இல்லையோ? உண்டு. அவற்றைக் காணவேண்டுமாயின் மழைக்காட்டிற்குள் செல்லவேண்டும். அங்கு வானளாவிய மரங்கள் கிளையோடு கிளை பின்னிக் கூரை வேய்ந்தாற்போல் நிற்கும். மேலே விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கோ இரு பங்கோதான் தரையை எட்டும். காற்று எப்போதும் ஈரமாக இருக்கும். அந்நிழலிலும் செடிகள் வளர்கின்றன. அவற்றின் இலைகள் பெரும்பாலும் அகன்றவை, கரும்பச்சை நிறத்தவை, கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் சிந்தாமல் ஏற்பவை. அவை விரைந்து வளர்வதில்லை. வரவுக்கேற்ற செலவு செய்யும் குடும்பத்தைப்போல நிதானமாக வாழ்கின்றன. சாளரமுடைய குளியலறை, ஈரத்தாலும் வெதுவெதுப்பாலும் மங்கிய ஒளியாலும், மழைக்காட்டுத் தரையை ஒருவாறு ஒத்திருக்கிறது. ஆதலின், அங்கு வைப்பதற்கு உரியவை காட்டு நிழலில் பிறந்த செடிகளே.

நிலத்திற்கும் செடிக்கும் உள்ள இவ்வுறவு தமிழர்க்குப் புதியதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனத் திணைகளை வகுத்த முன்னோர், அவற்றைப் பூவின் பெயராலும் மரத்தின் பெயராலும் வழங்கினர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் மரத்தையும் சேர்த்து எண்ணியது. ஒரு மரம் எந்த நிலத்திற்கு உரியது என்று கேட்ட அக்கேள்வியையே, குளியலறையில் செடி வைப்பவரும் கேட்டாகவேண்டும்.

ஈரக் காற்று சில செடிகளுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு கண்ணாடிக் குப்பி உலகிற்கு உணர்த்தியது. கிழக்கு லண்டனில் வாழ்ந்த நத்தேனியல் வார்டு என்னும் மருத்துவர் பெரணிச் செடிகளிடம் பெருவிருப்பம் கொண்டவர். அவற்றைத் தம் முற்றத்தில் வளர்க்க முயன்றார். அந்நகரத்து நிலக்கரிப் புகையால் அவை மடிந்தன. 1829-ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, ஒரு குப்பியில் இட்டு மூடிவைத்தார். பூச்சியின் வரவை எதிர்பார்த்திருந்தவர், அம்மண்ணில் ஒரு சிறு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருக்கக் கண்டு வியந்தார். குப்பியினுள் மண்ணின் ஈரம் ஆவியாக எழுந்து, கண்ணாடியில் நீர்த்துளியாகி, மீண்டும் மண்ணிலே விழுந்தது. புகை புகாத அவ்வீரச் சிற்றுலகில் பெரணி நலமாக வளர்ந்தது.

வார்டு அதே முறையில் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்வித்தார். 1833-ஆம் ஆண்டில் இரண்டு பெட்டிகளில் பெரணிகளும் புற்களும் கப்பலேறி, பல மாதக் கடற்பயணத்திற்குப் பின் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை உயிரோடு அடைந்தன. அங்கிருந்து திரும்பிய பெட்டிகளும் குளிரையும் வெயிலையும் கடந்து பசுமையான செடிகளோடு லண்டன் சேர்ந்தன. பின்னர், 1851-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து இமயமலைச் சாரலுக்கு ஆயிரக்கணக்கான தேயிலைச் செடிகள் வந்ததும் இத்தகைய பெட்டிகளிலேதான்.

ஆங்கிலேயர் தம் இருண்ட கூடங்களிலும் ஒரு செடியைப் போற்றி வளர்த்தனர். ஆஸ்பிடிஸ்ட்ரா என்பது அதன் பெயர். ஜப்பானின் தென்பகுதித் தீவுகளில் மரநிழலில் வளர்வது அது. எரிவாயு விளக்கின் புகையையும், குறைந்த ஒளியையும், வீட்டாரின் மறதியையும் அது பொறுத்துக்கொண்டது. அதனால் 'வார்ப்பிரும்புச் செடி' என்று பெயர் பெற்றது.

இவற்றையெல்லாம் பேத்தி வீட்டிற்கு வந்து கூறினாள். மூதாட்டி பொறுமையோடு கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் நாற்றுப் பண்ணைக்குச் சென்றனர். கண்ணைக் கவரும் பூச்செடிகளின்மேல் மகன் கை வைத்தபோது, "இது எங்கே பிறந்தது என்று கேள்" என்றார் மூதாட்டி. அக்கேள்விக்கு ஏற்ற விடை கிடைத்த செடிகளையே அவர்கள் தேர்ந்தனர்.

முதலாவது, பறவைக்கூட்டுப் பெரணி. இது ஆசிய மழைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வாழ்வது. இதன் இலைகள் வட்டமாக எழுந்து ஒரு கூடுபோல் அமையும். மேலிருந்து விழும் சருகுகளை அக்கூட்டில் ஏந்தி, அவை மட்கித் தரும் உரத்தால் இது வளரும். ஈரக் காற்றைப் பெரிதும் விரும்பும். ஆனால், கூட்டின் நடுவே நீர் தேங்குமாறு ஊற்றினால் வீட்டில் குருத்து அழுகிவிடும்.

இரண்டாவது, யாவரும் அறிந்த மணி பிளான்ட். பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியா என்னும் சிறு தீவு இதன் தாயகம். மரத்தைப் பற்றி உயரே ஏறினால் இதன் இலைகள் மிகப் பெரியவையாகும். வீட்டுச் சட்டியில் அவை சிறியவையாகவே நிற்கும். ஒளி குறைந்த இடத்தில் இலையின் மஞ்சள் வரிகள் மங்கிப் பச்சை மிகும்.

மூன்றாவது, தென்கிழக்காசியக் காடுகளின் தரையில் வளரும் அக்லோனிமா. இலை முழுதும் பச்சையான வகையையே அவர்கள் வாங்கினர். சிவப்பும் வெண்மையும் கலந்த வகைகள் அழகியவையாயினும் மிகுந்த ஒளியை வேண்டுவன.

நான்காவது, நம் நாட்டு மருளுக்கு உறவான, ஆப்பிரிக்காவில் பிறந்த வரிமருள். இது குறைந்த ஒளியைப் பொறுக்கும். ஆனால், தடித்த இலைகளில் நீரைச் சேர்த்துவைப்பதால் ஈரமண்ணைப் பொறாது. ஆகவே, மண் நன்கு காய்ந்த பின்னரே இதற்கு நீர் வார்க்கவேண்டும் என்பதைப் பேத்தி குறித்துக்கொண்டாள்.

வீட்டிற்கு வந்ததும் மூதாட்டி மணி பிளான்ட்டின் கொடியைக் கிள்ளி இரண்டு சட்டிகளில் நட்டார். நட்டு முடிக்கையில் அவருடைய விரல்கள் அரித்தன. விரல்களைத் தேய்த்துக்கொண்டே சற்று நேரம் சிந்தித்தவர், "இது சேம்பு அறுத்தால் அரிப்பதுபோல் அரிக்கிறதே!" என்றார்.

அவர் கூறியது உண்மை. மணி பிளான்ட்டும், அக்லோனிமாவும், சேம்பும், கருணைக்கிழங்கும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு ஊசி போன்ற நுண்படிகங்களாக இவற்றின் உடலில் அமைந்துள்ளது. அரிப்பை உண்டாக்குவது அதுவே. சேம்பையும் கருணையையும் புளியிட்டு வேகவைத்து உண்பது தமிழ்நாட்டு வழக்கம். வீட்டு அழகுக்கு வளர்க்கும் இச்செடிகளோ உண்ணத் தக்கவை அல்ல; இலையைக் கடித்தால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். ஆதலின், சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இவற்றை வைத்தல் வேண்டும்.

பேத்தி இதனைக் கூறக் கேட்ட மூதாட்டி சட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எங்கோ கடலுக்கு அப்பால் பிறந்தது, நம் கொல்லைச் சேம்புக்கு உறவா?" என்று கேட்டார். அவர் முகத்தில் பல நாள்களுக்குப் பின் ஒரு மலர்ச்சி தோன்றியது. ஊரில் குளித்த நீரைக் குடித்து வளர்ந்த செடியின் உறவினம், நகரத்திலும் குளிக்கும் இடத்தைத் தேடி வந்துவிட்டது.

பெரணியும் மணி பிளான்ட்டும் சாளரத்தின் அடியில் இடம்பெற்றன. மற்ற இரண்டும் சற்றுத் தள்ளி நின்றன. சோப்பு நுரையும், தரை கழுவும் அமிலமும் தெறிக்காத உயரத்தில் அவை வைக்கப்பட்டன. மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, மேற்பகுதி காய்ந்த பின்னரே நீர் வார்ப்பது வழக்கமாயிற்று. சட்டியின் அடியில் வைத்த தட்டில் நீர் தேங்க மூதாட்டி விடுவதில்லை. தேங்கிய நன்னீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும். ஏழு முதல் பத்து நாள்களில் முட்டை கொசுவாகிப் பறக்கும். குப்பியில் நீர் நிரப்பி மணி பிளான்ட் வளர்ப்போரும் வாரந்தோறும் நீரை மாற்றிக் குப்பியைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

சில செடிகள் வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று மக்கள் சொல்லக் கேட்கிறோம். மூடிய சிறு பெட்டிகளில் செய்த சோதனைகளால் எழுந்த நம்பிக்கை அது. முன்னைய சோதனைகள் பலவற்றை ஒருங்கே ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வீட்டில் இயல்பாக நிகழும் காற்றோட்டத்திற்கு ஈடுசெய்ய ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் பத்துச் செடிகளேனும் வேண்டும் எனக் காட்டியது. காற்றுக்குச் சாளரத்தைத் திறப்பதே வழி. செடி தரும் பயன் கண்ணுக்கும் மனத்திற்கும் உரியது.

சாளரமே இல்லாத மற்றொரு குளியலறையும் அவ்வீட்டில் இருந்தது. அதிலும் ஒரு செடி வைக்கலாமே என்றான் மகன். மூதாட்டி மறுத்தார். நிழலில் வாழும் செடி உண்டு. இருளில் வாழும் பச்சைச் செடி இல்லை. நாள்தோறும் பல மணி நேரம் விளக்கு எரித்தாலன்றி அங்கு எதுவும் பிழைக்காது. எங்கு வைக்கலாகாது என அறிவதும் தேர்ந்தெடுக்கும் அறிவின் பகுதியே அன்றோ?

சில மாதங்களில் பேத்தி பள்ளிச் சுற்றுலாவாகக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டாள். மலைப்பாறைகளில் பெரணிகள் மிகுதி என்று கேள்விப்பட்டவள், "பாட்டி, உங்களுக்கு ஒன்றைப் பெயர்த்து வருகிறேன்" என்றாள்.

"வேண்டாம் கண்ணே" என்றார் மூதாட்டி. "பண்ணையில் பிறந்தது சட்டிக்குப் பழகியிருக்கும். பாறையில் பிறந்ததைப் பாறையிலேயே விட்டுவிடு. வேரோடு பெயர்த்தல் எளிது. மீண்டும் வேர் பிடித்தல் எளிதன்று."

அவர் கூறியதற்கு வரலாறும் சான்று பகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெரணி வளர்க்கும் ஆசை ஒரு வெறியாகவே மூண்டது. மக்கள் கூடைகளுடன் சென்று காடுகளிலிருந்தும் பாறையிடுக்குகளிலிருந்தும் பெரணிகளைப் பறித்தனர். அயர்லாந்தின் கில்லார்னிப் பெரணி போன்ற அரிய இனங்கள் அதனால் பல இடங்களில் அற்றுப்போகும் நிலையை எய்தின. செடியை விரும்பியவரே செடிக்குப் பகையாயினர். சுற்றுலா சென்ற பேத்தி வெறுங்கையோடு திரும்பினாள். பாறையில் கண்ட பெரணியைத் தாளில் வரைந்து கொண்டுவந்து பாட்டியிடம் கொடுத்தாள்.

ஐப்பசி மழை தொடங்கியது. ஒருநாள் காலை, பறவைக்கூட்டுப் பெரணியின் நடுவே புதிய இலையொன்று சங்குபோல் சுருண்டு எழுந்து, மெல்ல மெல்ல விரிந்தது. அதனை முதலில் கண்ட மூதாட்டி வீட்டார் அனைவரையும் அழைத்துக் காட்டினார். மகன் அதனைப் பார்த்தான். பின்னர்த் தாயின் முகத்தையும் பார்த்தான். அன்று மாலையே தாழ்வாரத்திலிருந்த துணிக்கொடிகளுள் ஒன்றை அவிழ்த்தான். துவைக்கும் இயந்திரத்தைச் சுவரோரமாக நகர்த்தினான். காலை வெயில் விழும் மூலையொன்றை ஒழித்தான். குற்றுயிராக நின்ற துளசியை மூதாட்டி அங்குக் கொண்டுசென்று வைத்தார்.

மழை ஓய்ந்து வெயில் அடித்தபோது துளசி துளிர்த்தது. நிழலுக்குரியது நிழலில் வாழ்ந்தது; வெயிலுக்குரியது வெயிலில் வாழ்ந்தது. நாளும் நீராடி வந்ததும் இரண்டையும் பார்த்து, மண்ணைத் தொட்டு, வேண்டிய அளவு நீர் வார்ப்பது மூதாட்டியின் வழக்கமாயிற்று. எதுவும் பிழைக்காது என்று அவர் அதன்பின் கூறியதில்லை.